குப்பைமேட்டுச் சரித்திரம்

சாரல் காலம் வந்துவிட்டால் தென்காசியில் விருந்தினர் இல்லாத வீடு அரிது. ஆனி பிறந்தது முதல் எங்கிருந்தெல்லாமோ உறவினர் வந்து இறங்குவர். பேரருவியிலும் ஐந்தருவியிலும் தலையைக் கொடுத்து நின்றுவிட்டு, அடங்காப் பசியோடு திரும்புவர். சைவ வீடுகளில் அவர்களுக்குச் சொதியும் இஞ்சித் துவையலும் காத்திருக்கும். மற்றவர்களில் பெரும்பாலோர் செங்கோட்டைச் சாலையில் பிரானூர்ப் பக்கம் வண்டியைத் திருப்புவர். 1956-ஆம் ஆண்டில் செங்கோட்டை நம் மாநிலத்தோடு சேரும் வரையில் அங்கே ஓர் எல்லை இருந்தது. எல்லை போய்விட்டது, ‘பார்டர்’ என்ற பெயர் போகவில்லை. அந்தப் பெயரோடு பரோட்டாவும் கோழியும் காடையும் ஒட்டிக்கொண்டுவிட்டன.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஒரு புதைபொருள் ஆராய்ச்சியாளர் அந்தக் கடைகளின் பின்புறத்தைத் தோண்டுவதாக வைத்துக்கொள்வோம். நாய்கள் எதையேனும் விட்டுவைத்திருந்தால், கூடை கூடையாகக் கோழி எலும்பு அகப்படும். ‘தென்காசிச் சீமையார் கோழியையே உண்டு உயிர் வாழ்ந்தனர்’ என்று அவர் நூல் எழுதிவிடலாம். அப்படியானால் சொதி ஊற்றி உண்டவர்களின் கதி என்ன? சொதிக்கு எலும்பு ஏது? அவர்கள் சரித்திரத்திலேயே இடம்பெறாமல் போய்விடுவார்கள். அந்த ஆராய்ச்சியாளர் அடுத்த தெருவில் தோண்டியிருந்தால் நேர் எதிரான நூல் ஒன்று வெளிவந்திருக்கும்.

இதை வேடிக்கையாகவே சொல்லிக்கொண்டு போகலாம்; ஆனால் விஷயம் வேடிக்கையானதாக இல்லை. பள்ளிக்கூடத்தில் பகலுணவு வேளையில் பிள்ளைகள் வட்டமாக உட்காரும்போது, சிலர் பாத்திரத்தின் மூடியைப் பாதி மட்டும் திறந்து, கையை உள்ளே விட்டு மறைத்து உண்பதை நாம் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். ஒரு நாள் இது வகுப்பிலேயே வாய்ச்சண்டையாக மூண்டது. ‘நம் முன்னோர் யாவரும் மரக்கறி உணவினர், மற்றதெல்லாம் இடையில் வந்த கெட்ட பழக்கம்’ என்றான் ஒரு மாணவன். ‘எல்லோரும் எல்லாவற்றையும் தின்றவர்கள்தாம்; பிற்பாடு சிலர் வேஷம் போட்டார்கள்’ என்றான் மற்றொருவன். இரண்டும் வீட்டுத் திண்ணையில் கேட்ட பேச்சு என்பது தெளிவாகவே தெரிந்தது. வியப்பு என்னவென்றால், இருவருமே கீழடியைத் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக இழுத்தார்கள். ஒரே சாட்சி இரு கட்சிக்கும் பேசுமானால், அந்தச் சாட்சி உண்மையில் என்ன சொல்லிற்று என்று பார்ப்பதே முறை.

கீழடி, மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், வைகைக் கரையில் இருக்கிறது. அங்கே 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று கரிக் கணக்கினால் தெரிந்தது. அகழ்ந்தபோது பானையோடும் மணியோடும் எலும்புத் துண்டுகளும் வந்தன. அவற்றில் 70 துண்டுகளைப் புனேயில் உள்ள டெக்கான் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அந்தக் கல்லூரியில் இதற்கென்றே பயின்ற நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இனங்கண்டவை: மாடு, எருமை, செம்மறியாடு, வெள்ளாடு, நீலகாய், வெளிமான், காட்டுப்பன்றி, மயில். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, பாதிக்குச் சற்று அதிகமானவை, அதாவது நூற்றுக்கு 53, எருது, பசு, எருமை, ஆடு ஆகிய வீட்டு விலங்குகளுடையவை. மான், வெள்ளாடு, காட்டுப்பன்றி ஆகியவற்றின் எலும்புகளில் வெட்டுக் காயங்கள் இருந்தன. ஆகவே அவை உணவுக்குப் பயன்பட்டிருக்கும் என்கிறது அறிக்கை. மாடும் எருமையும் பெரும்பாலும் உழவுக்காக வளர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிபு.

முதல் மாணவனின் கட்சி இங்கே நிற்கவில்லை. வெட்டுக் காயம் பட்ட காட்டுப்பன்றி எலும்புக்கு அவன் என்ன சமாதானம் சொல்வான்? ஆனால் இரண்டாமவனும் அவசரப்பட்டு மார்தட்ட வேண்டாம். ஒரு வெள்ளாட்டின் உடலில் இருநூறுக்கு மேற்பட்ட எலும்புகள் உள்ளன. ஒவ்வொன்றும் பல துண்டாக உடையலாம். எனவே எழுபது துண்டு என்பது எழுபது விலங்கு ஆகாது. நிபுணர்கள் இதற்கு ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். இடப்பக்கத்துக் கீழ்த்தாடைகள் ஐந்து கிடைத்தால் ஐந்து ஆடுகளாவது இருந்திருக்க வேண்டும். ஓர் ஆட்டுக்கு இடத்தாடை ஒன்றுதானே? வலத்தாடை மூன்று, தொடை எலும்பு நான்கு என்று வேறு கிடைத்தாலும் அவை அந்த ஐந்துக்குள்ளேயே அடங்கிவிடலாம். இவ்வாறு குறைந்தபட்ச எண்ணிக்கையைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

மேலும், மண்ணில் மாட்டெலும்பு இருப்பதனால் அது பானையில் வெந்தது என்று ஆகிவிடாது. கிழமாகி இறந்த எருதைத் தோலுக்காக உரித்துவிட்டு எலும்பை எறிந்திருக்கலாம். இதைப் பிரித்தறிய அவர்கள் கையாளும் வழிகள் மிகவும் சுவையானவை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர் நம் பெரியோர். இவர்களுக்கோ பல்தான் முதற் சாட்சி. சந்தையில் தரகர் வாயைத் திறந்து பார்த்து ‘இரண்டு பல்’, ‘நாலு பல்’, ‘ஆறு பல்’, ‘கடை சேர்ந்தது’ என்று வயதைச் சொல்லிவிடுகிறார் அல்லவா? அதே கணக்குத்தான். முன்பல் உதிர்ந்து போயிருந்தால் கடைவாய்ப் பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஒரு மேட்டில் கிடைத்த ஆடுகளில் பெரும்பாலானவை ஓரிரண்டு வயதில் செத்திருந்தால், அவை கறிக்காக வெட்டப்பட்டவை என்று ஊகிக்கலாம். மாடுகள் எல்லாம் கடை சேர்ந்து கிழமானவையாக இருந்தால், அவை உழைத்து மாண்டவை. காளையின் கால்விரல் எலும்பும் பேசும்: பல்லாண்டு நுகம் சுமந்து இழுத்த மாட்டுக்கு அந்த எலும்பின் ஓரங்கள் விரிந்து புடைத்துவிடுகின்றன. ஏர் மண்ணாகிப் போனாலும் அதை இழுத்த கால் சான்றாக நிற்கிறது.

வெட்டுக் காயத்திலும் பல வகை உண்டு. மூட்டைப் பிரித்த கத்தியின் கோடு வேறு. தோலை உரித்த கோடு வேறு. மச்சைக்காக எலும்பைக் கல்லால் உடைத்த முறிவு வேறு. நாய் கடித்தால் எலும்பின் இரு முனைகளும் சிதைந்து குழி விழும். முள்ளம்பன்றி கொறித்தால் இணைகோடுகளாக உளி வைத்தாற்போல் தடம் விழும். அதைக் கண்டு மனிதன் செதுக்கியது என்று எண்ணி ஏமாறுவதும் எளிது. இவை அனைத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும், மாட்டுக்கும் எருமைக்கும் உள்ள எலும்பு வேற்றுமை மிக நுணுக்கமானது. துண்டு சிறியதாக இருந்தால் இன்னதென்று சொல்லாமல் ‘ஆட்டினம்’ என்று எழுதிவிட்டு மேலே போவதே நேர்மையான நிபுணரின் வழக்கம்.

மாட்டை உண்டவர்கள் நம் நாட்டில் இருந்ததே இல்லை என்று இதனால் சொல்லிவிட முடியுமா? முடியாது. கர்நாடகத்தில் புடிஹால் என்னும் இடத்தில், 1990-களில் பேராசிரியர் கே. பத்தையா அகழ்ந்த புதிய கற்கால ஊரில், விலங்குகளை அறுத்துக் கூறு போட்ட களமே அகப்பட்டது. மாட்டெலும்புகளோடு வெட்டுக் கற்களும் அங்கேயே கிடந்தன. அந்த மக்கள் மந்தை மேய்த்தவர்கள். உழவன் மாட்டைப் பார்க்கும் கண் வேறு, மந்தைக்காரன் பார்க்கும் கண் வேறு என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

சில சமயம் எலும்பு ஒன்று சொல்ல, பானை வேறொன்று சொல்லும். மண்பாண்டத்தில் சமைத்தால் கொழுப்பு அதன் நுண்துளைகளில் ஊறித் தங்கிவிடுகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்தும் அதைப் பிரித்தெடுக்க முடிகிறது. சிந்துவெளி நாகரிகத்தைச் சேர்ந்த, வடமேற்கு இந்தியாவில் கிடைத்த ஓடுகளை அக்ஷயேதா சூர்யநாராயண் என்ற அம்மையாரும் அவர் தோழர்களும் இவ்விதம் சோதித்து 2020-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அந்த ஊர்களின் எலும்புகளில் பன்றியின் பங்கு நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். ஓடுகளிலோ பாதிக்கு மேற்பட்டவற்றில் பன்றிக் கொழுப்பை ஒத்த அடையாளம் தென்பட்டது! பல வகைக் கொழுப்புகள், தாவர எண்ணெய் உட்பட, ஒரே சட்டியில் கலந்ததனாலும் இவ்வாறு தோன்றலாம் என்று அவர்களே எச்சரித்திருக்கிறார்கள். அந்த எச்சரிக்கையைப் பத்திரிகைச் செய்திகளில் தேடினால் கிடைப்பது கடினம்.

இனி, மாணவர் இருவருமே கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. ‘முன்னோர்’ என்றார்களே, யார் வீட்டு முன்னோர்? எலும்பு கிடைத்த இடம் தெரியும். எறிந்த கை தெரியாது. இதற்கு நம் பழைய இலக்கியம் ஓரளவு கைகொடுக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில், காஞ்சிக்குப் போகும் பாணனுக்கு வழிநெடுக விருந்து கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டு போகிறார் புலவர். வேட்டுவ எயினர் குடிசையில் உடும்புக் கறி. ஆயர் பாடியில் தினைச் சோறும் பாலும். உழவர் வீட்டில் நெற்சோறும் கோழியும். வலைஞர் சேரியில் மீன். அந்தணர் இல்லத்திலோ நல்லரிசிச் சோறும், மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்த மாதுளங்காய்க் கறியும், மாவடுவும். பத்து நாள் வழிநடைக்குள் இத்தனை அடுப்புகள்! புலவர் ஒன்றையும் இகழவில்லை. எல்லா வீட்டிலும் பாணன் வயிறார உண்கிறான். இந்த ஐந்து வீடுகளின் குப்பையையும் ஒரே மேட்டில் கொட்டினால் நிபுணருக்கு உடும்பும் கோழியும் மீனும் தெரியும். ஆயரும் அந்தணரும் அந்த மேட்டில் தென்படவே மாட்டார்கள்.

எலும்புக்குள்ளும் இந்தப் பாரபட்சம் உண்டு. பெரிய எலும்பு தங்கும், சிறியது போய்விடும். நம் ஊரிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் பாடிய குற்றாலக் குறவஞ்சியை அறியாத தென்காசிக்காரர் இல்லை. அதில் சிங்கனும் நூவனும் குற்றாலநாதர் வயல்களில் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கக் கிளம்புகிறார்கள். எத்தனை பறவைப் பெயர்கள்! சிங்கன் பிடித்த கொக்கும் குருகும் அவன் குடிலில் வெந்திருக்குமானால், அந்த எலும்புகளை இன்று எங்கே தேடுவது? பறவை எலும்பு உள்ளே வெறுமையானது, மெல்லியது; நாய் ஒரே கடியில் விழுங்கிவிடும். மிஞ்சியது மழையில் கரையும். சிற்றாற்றுக் கெண்டையின் முள்ளும் அப்படியே. மண்ணை மெல்லிய கண்ணுள்ள சல்லடையில் நீர் விட்டு அலசினாலன்றி மீன்முள் கண்ணிற் படாது. கையால் பொறுக்கி எடுத்த அகழ்வுகளில் எல்லாம் மாடு பெருத்தும் மீன் சிறுத்தும் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். கீழடிப் பட்டியலில் மயில் இடம்பெற்றதே, பறவைகளில் அது பெரிது என்பதனால்தானோ என்று நமக்கு ஓர் எண்ணம்.

மண்ணின் குணமும் சேர்ந்துகொள்கிறது. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் எலும்பு நெடுங்காலம் இருக்கும். அதனால்தான் ராபர்ட் புரூஸ் பூட் என்பவர் 1884-ஆம் ஆண்டில் கர்நூல் ஜில்லாவின் பில்லசுர்கம் சுண்ணாம்புக் குகைகளில் தம் புதல்வரோடு தோண்டியபோது விலங்கெலும்புகள் ஏராளமாகக் கிடைத்தன. நம் தேரி மணலிலோ, ஓயாத மழையில் புளித்துப்போன மலை மண்ணிலோ எலும்பு கரைந்துவிடுகிறது. தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிகளில் பழைய வேடர்களின் சின்னஞ்சிறு கற்கருவிகள் கிடைக்கின்றன. அவற்றால் அவர்கள் எதை வேட்டையாடினார்கள் என்று சொல்ல எலும்பு இல்லை. குற்றாலமலைக் காட்டில் ஆதி மனிதன் என்ன உண்டான் என்பதையும் அந்த மண்ணைக் கேட்டு அறிய வழியில்லை.

ஆனால் கடலுக்கு அப்பால் இதே மாதிரியான மழைக்காடு ஒன்றில் வழி கிடைத்திருக்கிறது. இலங்கையின் தென்மேற்கே பாஹியன்-லேனா என்ற குகையில், உலர்ந்த பாறைத்தங்கலில், எலும்புகள் அழியாமல் கிடந்தன. ஓஷான் வெடகே என்ற இலங்கை அறிஞரும் பிறரும் அவற்றை ஆராய்ந்து 2019-ஆம் ஆண்டில் எழுதினார்கள். ஏறக்குறைய 45,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே தங்கிய மனிதர் பெரும்பாலும் உண்டவை குரங்கும் மந்தியும் மலையணிலும். எலும்புகளில் பத்துக்கு ஏழு பங்கு அவைதாம். அதிலும் முழு வளர்ச்சியுற்ற விலங்குகளே மிகுதி, குட்டிகள் குறைவு. குரங்கின் எலும்பையே கூராக்கி முனைகளாகவும் செய்திருந்தார்கள். மரக்கிளையில் தாவும் குரங்கை வீழ்த்துவது எவ்வளவு கடினம் என்பதைக் குற்றாலத்தில் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பறிகொடுத்தவர்கள் உணர்வார்கள். மழைக்காட்டில் ஆதி மனிதனுக்குப் பிழைப்பில்லை என்று அறிஞர் பலர் நெடுநாள் எண்ணியிருந்தனர். அந்த எண்ணத்தை அணிலெலும்பு மாற்றிற்று.

அந்தக் குகை மனிதர் உண்ட மலையணிலின் இனம் நமக்கு அந்நியமானதன்று. சாம்பல் நிற மலையணில் இலங்கையிலும் இருக்கிறது. நமக்கு வடக்கே திருவில்லிபுத்தூர் மலையிலும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டில் அதற்கென்றே அங்கே ஒரு சரணாலயம் ஏற்பட்டது. கீழடியில் எலும்பாகக் கிடைத்த வெளிமானையும் வல்லநாட்டுக் குன்றில் உயிரோடு காணலாம். நீலகாயைத்தான் இன்று நம் மாநிலக் காடுகளில் காண முடியாது. உணவைத் தேடப் போன இடத்தில், வைகைக் கரை ஒரு காலத்தில் நீலகாய் மேய்ந்த புல்வெளி என்பதையும் எலும்பு காட்டிக்கொடுத்தது.

நம் தென்காசி மாவட்டத்திலேயே திருமலாபுரத்தில் 2024-ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் அகழ்ந்தார்கள். முப்பத்தைந்து கற்பலகைகளை நிறுத்தி அமைத்த ஓர் அறையும், அதனுள் ஈமத் தாழிகளும் வெளிப்பட்டன. பானைகளில் மனிதன், மலை, மான், ஆமை என்று உருவங்கள் தீட்டியிருந்தனர். ‘மான் வரைந்தவன் மான் தின்றான்’ என்று உடனே கிளம்பிவிடக் கூடாது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் வெண்கல எருமையும் சேவலும் இருந்தன. அவை உருவங்களேயன்றி உணவல்ல. தாழி என்பது சமையலறைக் குப்பையும் அன்று. இறந்தவருக்கு ஏற்றது என்று இருப்பவர் கருதியதே அதில் வைக்கப்பட்டது. நம் வீட்டுப் படையலைப் பார்த்து அன்றாடச் சமையலைத் தீர்மானிக்க முடியுமா? சிவகளையில் ஒரு தாழிக்குள்ளிருந்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று கணித்தனர். அது நெல்லின் தொன்மையைக் காட்டும். வாரத்தில் எத்தனை நாள் நெற்சோறு என்று காட்டாது.

அதைக் காட்டக்கூடியது வேறொன்று: மனிதப் பல். நெல், கோதுமை, பயறு ஆகியவை காற்றிலுள்ள கரியை ஒரு விதமாக உட்கொள்கின்றன. கம்பு, சோளம், கேழ்வரகு, தினை ஆகியவை வேறு விதமாக. கரியில் கனத்தது, இலேசானது என இரு வகை உண்டு. அவற்றின் விகிதம் இந்த இரு கூட்டத்துப் பயிர்களிலும் மாறுகிறது. உண்டவர் உடலிலும் அந்த விகிதம் படிந்துவிடுகிறது. வெப்பம் மிகுந்த நம் நாட்டில் எலும்பின் உட்சத்து விரைவில் கெட்டுவிடும். பல்லின் மேற்பூச்சு கெடுவதில்லை. குழந்தைப் பருவத்தில் அந்தப் பல் உருவானபோது அவர் வளர்ந்தது நெல்லிலா, கம்பிலா என்பதை அந்தப் பூச்சில் ஒரு துளி சொல்லிவிடும். மேற்கே சிற்றாற்றுப் பாசனத்தில் நெல்லும், கிழக்கே கரிசலில் கம்பும் சோளமுமாகப் பிரிந்து கிடக்கும் நம் சீமையில் இதைவிடப் பெரிய கேள்வி வேறு எது?

1876-ஆம் ஆண்டில் ஆதிச்சநல்லூருக்கு வந்த ஜாகோர் என்ற ஜெர்மானியர் தாம் கண்டெடுத்தவற்றைப் பெர்லினுக்கு மூட்டை கட்டினார். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரையில் தோண்டியபோது ஊராரின் கண் பொற்பட்டங்களின் மேலேயே இருந்திருக்கும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைத்தான் கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்லுகிறது; ஓர் ஆட்டுத்தாடைக்குப் பத்து ரூபாய் யார் கொடுப்பார்? கிணறு வெட்டும்போதோ, குளத்து மண் அள்ளும்போதோ, அஸ்திவாரம் தோண்டும்போதோ நம் பக்கத்தில் தாழி உடைபடுவது புதிதல்ல. தாழியை எடுத்து, உள்ளே இருப்பதைக் கொட்டிக் கழுவி, அழகாக இருந்தால் வீட்டு முகப்பில் வைத்துவிடுகிறார்கள். அன்பர்கள் அவ்விதம் செய்யாமல், அது கிடந்தபடியே விட்டு வட்டாட்சியருக்குச் சொல்லியனுப்ப வேண்டுகிறோம். கொட்டிய மண்ணோடு அந்தப் பல்லும் போயிருக்கும்.